வீடியோ ஃபைலை மாத்தப் போறீங்களா? ரெண்டு ராத்திரியை வீணடிச்சவன் சொல்றேன், ஒரு நிமிஷம் நில்லுங்க

மொத்தம் 41 வீடியோ. எல்லாம் பழைய கேமராவுல எடுத்த எம்ஓவி ஃபைல். பென்டிரைவ்ல போட்டு டிவியில சொருகினா படம் அழகா ஓடுது, சத்தம் மட்டும் வரல. சரி ஃபார்மட் தான் ஒத்துக்கல போலன்னு நினைச்சு, தேடினப்ப முதல்ல வந்த ஒரு "இலவச" கன்வர்ட்டரை இறக்கினேன். அது என்னடான்னா ஒவ்வொரு வீடியோவுலயும் ஆளுங்க மூஞ்சிக்கு குறுக்கால தன் பேரை பட்டையா அடிச்சு வச்சிருக்கு, அதுவும் முதல் அஞ்சு நிமிஷம் தான் மாத்தித் தரும், மிச்சத்துக்கு காசு கட்டணுமாம். அதை தூக்கிப் போட்டுட்டு இன்னொன்னு இறக்கி லேப்டாப்பை ரெண்டு ராத்திரி ஓட விட்டேன். காலையில பாத்தா சத்தம் வருது, ஆனா படம் கட்டம் கட்டமா மங்கிப் போயிருக்கு. இதுல கொடுமை என்னன்னா நடுவுல டிஸ்க்ல இடம் பத்தலன்னு மூணு ஒரிஜினலை நானே அழிச்சிருந்தேன்.

அப்புறமா தான் தெரிஞ்சுது, அந்த ஃபைல்ல படத்தை தொடவே வேண்டியதில்ல, ஆடியோவை மட்டும் மாத்தியிருந்தா போதும். 38 ஃபைலையும் திரும்ப சரியா செஞ்சப்ப அரை மணி நேரம் கூட ஆகல. அந்த வழியைத் தான் கீழ எழுதியிருக்கேன், வரிசையா போங்க, தாவாதீங்க.

1. டப்பா வேற, உள்ள இருக்கிற சாமான் வேற

எம்பி4, எம்கேவி, எம்ஓவி, ஏவிஐ இதெல்லாம் வெறும் டப்பா. கன்டெய்னர்னு சொல்லுவாங்க. உள்ள படம் ஒரு மாதிரி சுருக்கி இருக்கும், சத்தம் வேற ஒரு மாதிரி சுருக்கி இருக்கும், அந்த சுருக்குற முறைக்குத் தான் கோடெக்னு பேரு. படத்துக்கு ஹெச்.264, ஹெச்.265 (இதையே ஹெச்இவிசின்னும் போடுவாங்க), விபி9, ஏவி1. சத்தத்துக்கு ஏஏசி, எம்பி3, ஏசி3, டிடிஎஸ், பிசிஎம்.

அதனால "என் டிவி எம்பி4 எடுக்கும்"னு சொல்றதுக்கு அர்த்தமே இல்ல. ஹெச்.264 இருக்கிற எம்பி4 எடுக்கும், ஏவி1 இருக்கிற எம்பி4 எடுக்காம போகலாம், ரெண்டுக்கும் பேர் எம்பி4 தான். ஃபைல் பேர் கடைசியில இருக்கிற எம்கேவியை எம்பி4ன்னு ரீநேம் பண்ணா மாறிடும்னு நினைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. டப்பா மேல ஒட்டின லேபிளைத் தான் மாத்தறீங்க, டப்பாவைக் கூட இல்ல.

மாத்துறதுல ரெண்டு வகை. டப்பாவை மட்டும் மாத்துறது ரீமக்ஸ். இதுல தரம் துளி குறையாது, ஃபைலை காப்பி பண்ற நேரம் தான் ஆகும். உள்ள இருக்கிற படத்தையே பிரிச்சு திரும்ப சுருக்குறது ரீஎன்கோட். இதுல மணிக்கணக்கா ஆகும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தரம் போகும், போனது திரும்பி வராது. படத்தைத் தொடாமலே முடியுற வேலைக்கு ரெண்டாவதை செஞ்சது தான் என் முட்டாள்தனம்.

2. ஃபைலோட ஜாதகத்தை எழுதி வைங்க

மீடியாஇன்ஃபோன்னு ஒரு சின்ன இலவச சாஃப்ட்வேர் இருக்கு, ஃபைலை அதுல இழுத்துப் போட்டா எல்லாத்தையும் கக்கிடும். அதை இறக்க சோம்பலா இருந்தா விஎல்சிங்கிற இலவச வீடியோ ப்ளேயர்ல வீடியோவை ஓட விட்டு கன்ட்ரோல் ஜே அழுத்துங்க, பாதி விவரம் அங்கயே வரும். இந்த ஆறை மட்டும் குறிச்சுக்கோங்க:

- வீடியோ கோடெக்
- நிறத்தைக் குறிக்க எத்தனை பிட் (8ஆ 10ஆ)
- அகலம், உயரம்
- ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்) எவ்வளவு, அது கான்ஸ்டன்ட்டா (மாறாதது) வேரியபிளா (மாறுறது)
- ஆடியோ கோடெக், எத்தனை ட்ராக்
- ஸ்கேன் டைப் (முழுப் படமா வர்ற ப்ரோக்ரஸிவ்வா, வரி விட்டு வரி வர்ற இன்டர்லேஸ்டா)

என் ஃபைல்ல ஒன்னுல இப்படி இருந்துச்சு: வீடியோ ஹெச்.264, 8 பிட், 1920க்கு 1080, 25 ஃப்ரேம், கான்ஸ்டன்ட், ப்ரோக்ரஸிவ். ஆடியோ பிசிஎம். அந்த கடைசி வரியில தான் பிரச்சனையே. பிசிஎம்னா சுருக்காத சத்தம், எம்ஓவிக்குள்ள அது இருந்தா நிறைய டிவி கண்டுக்காது. மேல இருக்கிற மத்த எதையும் தொட வேண்டிய அவசியமே இல்ல.

டிவியோ போனோ எதை எடுக்கும்ங்கிறதையும் அதோட மேனுவல்ல ஒரு தடவை பாத்துடுங்க, கடைசிப் பக்கங்கள்ல ஒரு டேபிள் இருக்கும். மேனுவல் கிடைக்கலன்னா ஹெச்.264, 8 பிட், ஏஏசி ஸ்டீரியோ, எம்பி4. இந்த கூட்டணியை எடுக்காத சாதனம் இப்ப பாக்கிறதே அபூர்வம்.

3. மாத்தவே வேணுமான்னு பாருங்க

கம்ப்யூட்டர்ல மட்டும் பாக்கணும்னா விஎல்சி போட்டுக்கோங்க, கதை முடிஞ்சுது. விண்டோஸோட சொந்த ப்ளேயர் சில சமயம் ஹெச்இவிசிக்கு தனியா ஒரு எக்ஸ்டென்ஷனை காசு குடுத்து வாங்கச் சொல்லும், விஎல்சி அதெல்லாம் கேக்காது.

பென்டிரைவ்ல காப்பியே ஆகலன்னா அது வீடியோ ஃபார்மட் பிரச்சனை இல்ல. பென்டிரைவ் ஃபேட்32ங்கிற பழைய அமைப்புல இருந்தா ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போக முடியாது, உள்ள 50 ஜிபி காலியா இருந்தாலும் ஃபைல் பெருசுன்னு தான் சொல்லும். அதுக்காக வீடியோவை சுருக்காதீங்க, பென்டிரைவை எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்துங்க. ஃபார்மட் பண்ணா உள்ள இருக்கிறது எல்லாம் போயிடும், முதல்ல எடுத்து வேற எங்கயாவது வைங்க. ரொம்ப பழைய டிவி எக்ஸ்ஃபேட்டை படிக்காது, அதையும் பாத்துக்கோங்க.

வாட்ஸ்அப்ல அனுப்பினா மங்கிடுதேன்னு மாத்துறவங்க, வீடியோவா அனுப்பாம டாக்குமென்டா அனுப்புங்க. 2 ஜிபி வரைக்கும் அப்படியே போகும்.

ஸ்ட்ரீமிங் ஆப்ல டவுன்லோட் பண்ணி வச்ச படத்தை மாத்த முயற்சி பண்ணாதீங்க, அது பூட்டுப் போட்ட ஃபைல், எந்த கன்வர்ட்டரும் திறக்காது. திறக்கும்னு சொல்ற சாஃப்ட்வேரை நம்பி காசு கட்டாதீங்க.

4. எந்த சாஃப்ட்வேர், எவ்வளவு காசு

காசு பூஜ்யம். கீழ சொல்ற மூணுமே இலவசம், படத்து மேல பேர் அடிக்கிற வாட்டர்மார்க் கிடையாது, நேர வரம்பு கிடையாது.

டப்பா மட்டும் மாத்த: லாஸ்லெஸ்கட். ஆடியோ மட்டும் மாத்த: அவிடெமக்ஸ். முழுசா ரீஎன்கோட் பண்ண: ஹேண்ட்பிரேக்.

இங்க பொறி என்னன்னா, இந்தப் பேர்களைத் தேடினா மேல விளம்பரமா வர்ற சைட் அதோட சொந்த சைட்டா இருக்காது. அதே பேர், அதே லோகோ, இன்ஸ்டால் பண்ணா கூடவே நாலு குப்பை வரும். ஹேண்ட்பிரேக்கோட உண்மையான முகவரி "டாட் எஃப்ஆர்"ல முடியும், "டாட் காம்"ல இல்ல. விண்டோஸ்ல முதல் தடவை திறக்கும்போது டாட்நெட் டெஸ்க்டாப் ரன்டைம் வேணும்னு கேக்கலாம், அது மைக்ரோசாஃப்ட்டோடது, அதுவும் இலவசம், போட்டுக்கோங்க.

ஆன்லைன் கன்வர்ட்டர் வேணவே வேணாம்ங்கிறது என் கட்சி. 3 ஜிபியை ஏத்தி, காத்திருந்து, திரும்ப இறக்குற நேரத்துல வீட்டு கம்ப்யூட்டரே ரெண்டு தடவை முடிச்சிடும். அது போக உங்க குடும்ப வீடியோ எவன் சர்வர்ல எத்தனை நாள் கிடக்கும்னு யாருக்கு தெரியும். 2025 மார்ச்ல அமெரிக்க எஃப்பிஐயோட டென்வர் ஆபீஸே இந்த மாதிரி இலவச கன்வர்ட்டர் சைட் வழியா வைரஸ் பரப்புறாங்கன்னு எச்சரிக்கை விட்டுச்சு.

5. டப்பாவை மட்டும், இல்லன்னா ஆடியோவை மட்டும் மாத்துறது

டப்பா மட்டும்னா லாஸ்லெஸ்கட்ல ஃபைலை இழுத்துப் போடுங்க, அவுட்புட் ஃபார்மட்ல எம்பி4 எடுங்க, எக்ஸ்போர்ட். அவ்வளவு தான். ஒரு மணி நேர வீடியோவுக்கு ஒரு நிமிஷம் ஆனாலே அதிகம்.

ஆடியோ மட்டும்னா அவிடெமக்ஸ்ல ஃபைலைத் திறங்க, இடது பக்கம் மூணு பெட்டி இருக்கும். வீடியோ அவுட்புட் "காப்பி"ன்னே இருக்கட்டும், இதுல கை வைக்காதீங்க, இது தான் முக்கியம். ஆடியோ அவுட்புட்ல ஏஏசி. கடைசி பெட்டியில எம்பி4 மக்ஸர், அதாவது எந்த டப்பாங்கிறது. சேவ் குடுக்கும்போது ஃபைல் பேருக்குப் பின்னாடி எம்பி4ன்னு நீங்களே டைப் பண்ணுங்க, வேற பேரும் வைங்க, ஒரிஜினல் மேலயே எழுதிடாதீங்க. ஆறு சேனல் சத்தமா இருந்தா பக்கத்துல ஃபில்டர் பட்டன்ல ஸ்டீரியோவா மாத்திக்கலாம்.

டிடிஎஸ் ஆடியோவால டிவியில சத்தம் வராத எம்கேவி ஃபைல் எல்லாத்துக்கும் இதே மருந்து தான்.

6. படத்தையே மாத்தியாகணும்னா

எப்ப தேவைப்படும்? டிவி ஹெச்இவிசி எடுக்காதப்ப, ஹெச்.264லயே 10 பிட் இருக்கும்போது (இதை கிட்டத்தட்ட எந்த டிவியும் எடுக்காது, சத்தம் வரும் திரை கருப்பா இருக்கும்), இல்ல சைஸை உண்மையிலயே குறைக்கணும்னா.

ஹேண்ட்பிரேக்ல ஃபைலைத் திறந்தா தானாவே "ஃபாஸ்ட் 1080பி30"ங்கிற ப்ரீசெட் (முன்னாடியே போட்டு வச்ச செட்டிங்) இருக்கும். நிறைய பேர் அப்படியே ஸ்டார்ட் அழுத்திடுவாங்க, நானும் அழுத்தியிருக்கேன், இதுல மூணு குழி இருக்கு. ஒன்னு, 4கே வீடியோவா இருந்தா சத்தமில்லாம 1080க்கு இறக்கிடும். ரெண்டு, 60 ஃப்ரேம் வீடியோ 30 ஆகிடும், விளையாட்டு வீடியோன்னா உடனே கண்ணுல குத்தும். மூணு, ஆடியோ ட்ராக் ரெண்டு மூணு இருந்தா ஒன்னை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தை விட்டுடும், நீங்க ஒரிஜினலை அழிச்ச பிறகு தான் அது தெரிய வரும்.

அதனால டைமென்ஷன்ஸ், வீடியோ, ஆடியோ மூணு டேப்லயும் ஒரு எட்டு போய் பாத்துட்டு வாங்க. வீடியோ டேப்ல ஃப்ரேம் ரேட் "சேம் ஆஸ் சோர்ஸ்", என்கோடர் ஹெச்.264.

தரத்துக்கு ஆர்எஃப்னு ஒரு நம்பர். குறைச்சா தரம் ஏறும், சைஸும் ஏறும், தலைகீழா இருக்குன்னு குழம்பாதீங்க. 1080க்கு 20ல இருந்து 24, 720க்கு 19ல இருந்து 23, பழைய டிவிடி மாதிரி சின்ன படத்துக்கு 18ல இருந்து 22. ஆறு புள்ளி குறைச்சா சைஸ் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகும். பூஜ்யத்துக்கு இழுத்தா சூப்பரா வரும்னு இழுக்காதீங்க, ஒரிஜினலை விட பல மடங்கு பெருசா ஒரு ஃபைல் வரும், தரம் மட்டும் ஒரிஜினலைத் தாண்டாது. அதே மாதிரி 480 வீடியோவை 1080 ஆக்குறதும் வீண் வேலை, இல்லாத விவரம் எங்கிருந்து வரும்.

குறிப்பிட்ட சைஸுக்குள்ள வரணும்னா ஆர்எஃப் வேணாம், ஆவரேஜ் பிட்ரேட் (ஒரு நொடிக்கு சராசரியா எத்தனை கிலோபிட்) எடுங்க. கணக்கு சுலபம்: கிலோபிட்டை நொடியால பெருக்கி எட்டால வகுத்தா கிலோபைட். ஒரு மணி நேர வீடியோ 1 ஜிபிக்குள்ள வேணும்னா மொத்தம் நொடிக்கு 2,200 கிலோபிட் கிட்ட வரும், அதுல ஆடியோவுக்கு 160 கழிச்சா படத்துக்கு 2,000 சொச்சம். அந்த பிட்ரேட்ல 4கே படத்தை திணிக்காதீங்க, 720 வைங்க.

7. நேரமும் இடமும்

ராத்திரி முழுக்க ஓட விடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷத்தை மட்டும் மாத்திப் பாருங்க. ஹேண்ட்பிரேக்ல ரேஞ்ச்னு இருக்கிற இடத்துல சேப்டருக்குப் பதிலா செகண்ட்ஸ் எடுத்து 600ல இருந்து 660ன்னு போடுங்க, ஆளுங்க அசையுற இடமா பாத்து எடுங்க. அந்த ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு நேரம் ஆச்சு, எத்தனை எம்பி வந்துச்சுன்னு பாத்தா மிச்சத்தை நீங்களே பெருக்கிக்கலாம். அதை டிவியிலயே போட்டும் பாத்துடுங்க. இதைச் செஞ்சிருந்தா எனக்கு அந்த ரெண்டு ராத்திரி மிச்சம்.

ஹெச்.265க்கு ஹெச்.264ஐ விட நல்லாவே அதிக நேரம் ஆகும், பதிலுக்கு அதே தரத்துக்கு சைஸ் குறையும். அவசரம்னா என்கோடர் லிஸ்ட்ல என்வென்க், க்விக் சிங்க்னு இருக்கும், அது கிராஃபிக்ஸ் சிப்பை வச்சு பல மடங்கு வேகமா முடிக்கும், ஆனா அதே தரத்துக்கு ஃபைல் கொஞ்சம் பெருசா வரும்.

இடம், ஒரிஜினல் அளவுக்கே இன்னொரு பங்கு காலியா வச்சுக்கோங்க. லேப்டாப்னா சார்ஜர்ல போடுங்க, ஸ்லீப்பை ஆஃப் பண்ணுங்க. மூடியை மூடி வச்சுட்டுப் படுத்துட்டு காலையில 4 சதவீதத்துல நிக்கிறதைப் பாத்த அனுபவமும் உண்டு.

8. ஏதாவது உதைச்சா

வாயும் சத்தமும் சேரல: இதைத் தான் அதிகம் பேர் கேக்கிறாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே. முதல்ல வீடியோவோட ஆரம்பத்துல ஒரு இடம், கடைசியில ஒரு இடம் பாருங்க, யாராவது கை தட்டுற இடமா, கதவை சாத்துற இடமா இருந்தா வசதி. ரெண்டு இடத்துலயும் ஒரே அளவு தள்ளியிருந்தா சுலபம். விஎல்சியில ஓட விட்டு ஜே, கே ரெண்டையும் அழுத்தி அழுத்தி சரி பண்ணுங்க, ஒரு அழுத்துக்கு 50 மில்லிசெகண்ட் நகரும், திரையில நம்பர் தெரியும். சரியா பொருந்தினதும் அந்த நம்பரைக் குறிச்சுக்கிட்டு அவிடெமக்ஸ்ல ஆடியோ பக்கம் ஷிஃப்ட்ங்கிற பெட்டியில போட்டு சேவ் பண்ணுங்க, படம் காப்பியாவே இருக்கட்டும். எதிர்ப் பக்கம் தள்ளிடுச்சுன்னா மைனஸ் போடுங்க.

ஆரம்பத்துல சரியா இருந்து போகப் போக விலகுதுன்னா அது வேற நோய். போன்ல எடுத்த வீடியோ, ஸ்க்ரீன் ரெக்கார்டிங் இதெல்லாம் பெரும்பாலும் வேரியபிள் ஃப்ரேம் ரேட், வெளிச்சம் குறைஞ்சா போனே ஃப்ரேமைக் குறைச்சிடும். எடிட்டிங் சாஃப்ட்வேர் சிலது இதைப் புரிஞ்சுக்காம சீரா அடுக்கும், சத்தம் மட்டும் தன் போக்குல போகும். ஒரிஜினலை ஹேண்ட்பிரேக்ல போட்டு வீடியோ டேப்ல "கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்" எடுத்து மாத்திட்டு அப்புறம் எடிட் பண்ணுங்க. ஷிஃப்ட் போட்டு இதை சரி பண்ணவே முடியாது, நான் ஒரு சாயங்காலம் முழுக்க முயற்சி பண்ணியிருக்கேன்.

நிறம் வெளுத்துப் போச்சு: ஒரிஜினல் ஹெச்டிஆர், அதாவது வெளிச்சத்தையும் நிறத்தையும் அதிகமா பதியுற முறை. ஐபோன் 12லயோ அதுக்கு அப்புறம் வந்ததுலயோ எடுத்ததுன்னா பெரும்பாலும் இதான். டிவி ஹெச்டிஆர் தாங்கும்னா ஹேண்ட்பிரேக்ல ஹெச்.265 10 பிட் என்கோடரை எடுங்க. இனிமே எடுக்கிறதுக்கு கேமரா செட்டிங்ல ஹெச்டிஆர் வீடியோவை ஆஃப் பண்ணிடுங்க, தலைவலியே இல்ல.

அசையும்போது சீப்புப் பல்லு மாதிரி கோடு: ஸ்கேன் டைப் இன்டர்லேஸ்ட். ஃபில்டர்ஸ் டேப்ல டீகோம்ப் ஆன்ல இருக்கான்னு பாருங்க.

வீடியோ படுத்துக்கிடக்கு: போன் படத்தைத் திருப்பல, "திருப்பிக் காட்டு"ன்னு ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைக்கும், பழைய ப்ளேயர் அதைப் படிக்காது. டைமென்ஷன்ஸ்ல ரொட்டேஷன் இருக்கு.

தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமா, கிறுக்கலா வருது: சப்டைட்டில் இருக்கிற எஸ்ஆர்டி ஃபைலை நோட்பேடுல திறந்து சேவ் ஆஸ் குடுத்து என்கோடிங்ல யுடிஎஃப்-8 எடுங்க. நோட்பேடுலயே கிறுக்கலா தெரிஞ்சா அது பழைய ஃபான்ட் எழுத்து, யூனிகோடுக்கு மாத்தினா தான் உண்டு. கம்ப்யூட்டர்ல சரியா வந்து டிவியில மட்டும் கட்டமா வந்தா டிவியில தமிழ் ஃபான்ட் இல்ல, ஹேண்ட்பிரேக்ல சப்டைட்டிலை "பர்ன் இன்" பண்ணி படத்தோடவே ஒட்ட வைக்கணும். இதுக்கு ரீஎன்கோட் ஆகியே தீரும்.

ஃபைலே திறக்கல, "மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்"னு வருது: ரெக்கார்ட் ஆகும்போதே பேட்டரி போயிருக்கும், கார்டை உருவியிருப்பீங்க. எம்பி4 தன்னோட அட்டவணையை கடைசியில தான் எழுதும், அதை எழுத நேரமே கிடைச்சிருக்காது. எந்த கன்வர்ட்டரும் இதுக்கு ஆகாது. அன்ட்ரங்க்னு ஒரு இலவச கருவி இருக்கு, அதே கேமராவுல அதே செட்டிங்ல எடுத்த நல்ல வீடியோ ஒன்னைக் கூட குடுத்தா அதைப் பாத்து அட்டவணையை திரும்ப எழுதப் பாக்கும். நிறைய தடவை பலிக்கும், எப்பவும் இல்ல. அது வரைக்கும் அந்த கார்டுல புதுசா எதையும் எடுக்காதீங்க.

9. ஒரிஜினலை எப்ப அழிக்கலாம்

புது ஃபைலோட நீளம் பழசோட நீளத்துக்கு சமமா இருக்கணும், மீடியாஇன்ஃபோவுல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. அப்புறம் எதுக்காக மாத்தினீங்களோ அந்த டிவியிலயே ஓட விடுங்க, ஆரம்பம், நடு, கடைசி நிமிஷம் மூணு இடத்துலயும் குதிச்சுப் பாருங்க, கன்வர்ஷன் பாதியில செத்திருந்தா கடைசி நிமிஷத்துல தான் மாட்டும். இத்தனையும் சரின்னாலும் ஒரு வாரம் ஒரிஜினலை தனி ஃபோல்டர்ல போட்டு வைங்க. இடம் பத்தலன்னா ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கை கடன் வாங்குங்க. நான் அழிச்ச அந்த மூணும் இன்னும் மங்கல் காப்பியா தான் இருக்கு, அதுல ஒன்னுல யார் பேசுறாங்கன்னே குரலை வச்சுத் தான் கண்டுபிடிக்கணும்.